கரடி வீட்டுக் கஞ்சியில் கணக்கு, ஓநாய் மூச்சில் அறிவியல்

உங்களுக்குத் தெரியுமா?

பழைய மாயக் கதைகளைச் சொல்லி முடித்ததும் நாம் தேடுவது கடைசி வரி நீதியை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கோ நடுவில் வரும் சிக்கலில்தான் கண். பாலத்தை எப்படிக் கடப்பது? காற்றில் விழாத வீட்டை எப்படிக் கட்டுவது? காட்டுக்குள் வந்த வழியை எப்படி அடையாளம் வைப்பது? எல்லாமே கையால் செய்து பார்க்க வேண்டிய கேள்விகள். ஐரோப்பாவின் பழைய கதைகள் சில, அவற்றை மழலையர் வகுப்பில் விளையாட்டாக்கும் வழிகள், இந்த முறைக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசியவர்கள், சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள்... துணுக்குத் துணுக்காக இதோ!

கோல்டிலாக்ஸ் முதலில் ஒரு கிழவி

மூன்று கரடிகளின் வீட்டுக்குள் புகுந்து கஞ்சி குடித்த சிறுமியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1837-ல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சவுதி இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தபோது, புகுந்தது ஒரு கிழவி! கரடிகளும் அப்பா, அம்மா, குட்டி இல்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஆண் கரடிகள். 1850 வாக்கில் ஜோசப் கண்டல் என்பவர் கிழவியைச் சிறுமியாக மாற்றினார். 'கோல்டிலாக்ஸ்' என்ற பெயர் நிலைத்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பெரிய கரடியின் பேச்சைப் பெரிய எழுத்திலும், குட்டிக் கரடியின் பேச்சைப் பொடி எழுத்திலும் அச்சிட வைத்தவர் சவுதி. படிக்கத் தெரியாத பிள்ளையும் பக்கத்தைப் பார்த்தே யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

பிறந்தநாளுக்கு ஒரு கதைப் புத்தகம்

சவுதிக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1831-ல், எலினார் மூர் என்ற பெண்மணி தன் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் பிறந்தநாளுக்காக இதே கதையைக் கையால் எழுதி, படமும் வரைந்து கொடுத்திருக்கிறார். அதில் கரடிகள் கிழவியைத் தூக்கி லண்டன் செயின்ட் பால் தேவாலயக் கோபுரத்தின்மேல் வீசிவிடுகின்றன! அந்தக் கைப்பிரதி இன்று டொராண்டோ பொது நூலகத்தில் இருக்கிறது. நான்கு தாளை மடித்து நடுவில் நூல் தைத்துக் கொடுத்தால், யு.கே.ஜி. பிள்ளையும் தன் கதைப் புத்தகத்தைத் தானே செய்துவிடும்.

கஞ்சி ஏன் அப்படி ஆறியது?

பெரிய கிண்ணத்தில் கஞ்சி சுடுகிறது. நடுக் கிண்ணத்தில் ஆறி அவலாகிவிட்டது. சின்னக் கிண்ணத்தில் மட்டும் பதம். யோசித்தால் இடிக்கிறதே! ஒரே வடிவக் கிண்ணங்கள் என்றால் சின்னதுதான் முதலில் ஆறியிருக்க வேண்டும். நடுக் கிண்ணம் தட்டையாகவும் அகலமாகவும் இருந்திருந்தால் கதை சரிப்படும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சம அளவில் ஒரு டம்ளரிலும் ஓர் அகலத் தட்டிலும் ஊற்றி வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகள் விரலை வைத்துப் பார்க்கட்டும். பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் போகும் என்பதை விரலே சொல்லிவிடும். காபியை டபராவில் ஊற்றி ஆற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

மூன்றே மூன்று ஏன் வசதி?

மூன்று கரடி, மூன்று கிண்ணம், மூன்று நாற்காலி, மூன்று கட்டில். ஒவ்வொரு கரடிக்கும் ஒவ்வொரு பொருளை எடுத்து வைக்கும்போது பிள்ளை செய்வது 'ஒன்றுக்கு ஒன்று' பொருத்துவது. எண்களை ஒப்பிப்பதற்கும் எண்ணத் தெரிவதற்கும் நடுவில் உள்ள படி அதுதான். வீட்டில் உள்ள மூன்று அளவுக் கரண்டிகளே இதற்குப் போதும்.

வைக்கோல் மேல் பழி போடாதீர்கள்

மூன்று பன்றிக்குட்டிகள் கதையில் ஓநாய் முதலில் ஊதித் தள்ளுவது வைக்கோல் வீட்டை. ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-ல் வெளியிட்ட ஆங்கிலக் கதைத் தொகுப்பில், இரண்டாவது பன்றிக்குட்டி வீடு கட்டுவது முட்புதரால். 1933-ல் வந்து ஆஸ்கர் விருதும் வாங்கிய டிஸ்னி கார்ட்டூனில் அது குச்சி வீடு.

வகுப்பில் வைக்கோல், ஐஸ் குச்சி, மரக்கட்டை மூன்றையும் கொடுத்து வீடு கட்டச் சொல்லுங்கள். ஓநாய்க்குப் பதில் ஒரு பனையோலை விசிறி. வைக்கோல் வீடு பறந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாடம் தொடங்குவதே இதற்குப் பிறகுதான். "இதே வைக்கோலை வைத்து விழாத வீடு கட்ட முடியுமா?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை கட்டுக்கட்டாகக் கட்டிப் பார்க்கும், இன்னொன்று களிமண் தேடும். ஜேக்கப்ஸின் இங்கிலாந்திலேயே, டெவன் பகுதியில், வைக்கோல் கலந்த மண்சுவர் வீடுகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. தப்பு பொருளில் இல்லை, கட்டிய விதத்தில்!

பன்றிக்குட்டியின் கடிகாரம்

ஜேக்கப்ஸ் கதையில் செங்கல் வீட்டோடு ஆட்டம் முடிந்துவிடவில்லை. "காலை 6 மணிக்கு டர்னிப் பிடுங்கப் போகலாம், வா" என்கிறது ஓநாய். பன்றிக்குட்டி 5 மணிக்கே போய்த் திரும்பிவிடுகிறது. மறுநாள் ஆப்பிள் பறிக்க 5 மணி என்கிறது ஓநாய்; குட்டி எழுந்தது 4 மணிக்கு. பிறகு சந்தைக்குப் போய் வெண்ணெய் கடையும் பீப்பாய் ஒன்றை வாங்கி, அதற்குள் புகுந்துகொண்டு மலைச்சரிவில் உருண்டு ஓநாயை மிரட்டுகிறது. 'முன்னால்', 'பின்னால்' என்று நேரத்தைப் பேச இதைவிடச் சுவையான கதை கிடைப்பது அரிது. உருளும் பீப்பாய்க்கு ஒரு பழைய டப்பாவும் சாய்வுப் பலகையும் போதும்.

டக்... டொக்... டமார்!

பாலத்தைக் கடக்கும் மூன்று ஆட்டுக் கடாக்கள் நார்வேக்காரர்கள். பேட்டர் கிறிஸ்டன் அஸ்பியோர்ன்சனும் யோர்கன் மோவும் 1840-களின் தொடக்கத்தில் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் வந்தவை. 1859-ல் ஜார்ஜ் டேசன்ட் ஆங்கிலத்தில் தந்தார். குட்டி ஆடு நடந்தால் மெல்லிய சத்தம், பெரிய கடா நடந்தால் பாலமே அதிரும். தேங்காய்ச் சிரட்டை இரண்டைக் கொடுத்து மூன்று நடையையும் தட்டச் சொன்னால் சத்தத்தின் அளவு கைக்கு வந்துவிடும். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஓர் அட்டையை வைத்து, மணல் மூட்டை 'ஆடுகளை' ஒவ்வொன்றாக ஏற்றினால் எடை தாங்கும் பாடமும் ஆயிற்று.

பாலத்துக்கும் ஒரு பருவம் உண்டு

ஹாரியட் ஜான்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1933-ல் குழந்தைகளின் கட்டை விளையாட்டைக் கூர்ந்து கவனித்து எழுதினார். முதலில் கட்டைகளைச் சும்மா தூக்கிக்கொண்டு திரிவார்கள். அப்புறம் அடுக்குவார்கள். அடுத்து வருவது பாலம்: இரண்டு கட்டையை இடைவெளி விட்டு நிறுத்தி மேலே ஒன்றை வைப்பது. இடைவெளி அதிகமானால் மேல்கட்டை விழுந்துவிடும். அதை யாரும் சொல்லித் தராமலே பிள்ளை கண்டுபிடிக்கும். ஆட்டுக்கடா கதையை அந்தப் பருவத்தில் சொல்லிப் பாருங்கள்.

இரட்டிப்புக் கணக்கு ஒளிந்திருக்கும் கட்டை

மழலையர் பள்ளிகளில் இருக்கும் வண்ணம் பூசாத மரக்கட்டைகளை வடிவமைத்தவர் நியூயார்க்கில் 1914-ல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட். தடிமனைப்போல் இரு மடங்கு அகலம், அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம். பாலத்துக்கு ஒரு நீளக் கட்டை கிடைக்காவிட்டால் அதே நீளத்துக்கு இரண்டு குட்டைக் கட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளை, பாதி, முழுசு என்ற பின்னக் கணக்கைத் தொட்டுவிட்டது.

எட்டே எட்டுக் கட்டை

பிராட்டுக்கு முன்னோடி, ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 1840-ல் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டி மழலையர் கல்விக்கு வழி போட்டவர். அவர் தந்த விளையாட்டுப் பொருள்களில் ஒன்று, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். நாற்காலி, படிக்கட்டு, கிணறு என்று வாழ்க்கையில் பார்த்ததை அதை வைத்துக் கட்ட வேண்டும். இப்படி விளையாட விட்டதில் என்ன ஆபத்து கண்டதோ, பிரஷ்ய அரசு 1851-ல் கிண்டர்கார்டன்களையே தடை செய்தது! தடை நீங்கியது 1860-ல். அதற்குள் ஃப்ரோபெல் காலமாகிவிட்டார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிறுவயதில் விளையாடியது ஃப்ரோபெல் கட்டைகளோடுதான்.

ஜாக்கின் அவரைக்கு வயது 5,000?

வானம் தொட்ட அவரைக்கொடியில் ஏறிய ஜாக்கின் கதை 1734-ல் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் அச்சேறியது. ஆனால் 2016-ல் சாரா கிராசா டா சில்வா, ஜாம்ஷித் தெஹ்ரானி என்ற இரு ஆய்வாளர்கள், உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கும் முறையைக் கதைகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பூதத்தின் செல்வத்தைச் சிறுவன் களவாடும் இந்தக் கதைக் குடும்பம் சுமார் 5,000 ஆண்டு பழையதாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

படுக்க வைத்தாலும் வேர் கீழே

கண்ணாடி டம்ளரின் உள்சுவரில் ஈரப் பஞ்சை ஒட்டி, சுவருக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஒரு தட்டைப்பயறைச் செருகுங்கள். முதலில் வருவது இலை இல்லை, வேர். வேர் கொஞ்சம் நீண்டதும் டம்ளரைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடி தரையை நோக்கித் திரும்பிவிடும். தினமும் கொடியின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டினால், ஸ்கேல் பிடிக்கத் தெரியாத பிள்ளையும் வளர்ச்சி வரைபடம் ஒன்றைச் செய்துவிடும்.

கொடி எந்தப் பக்கம் சுற்றும்?

மேலேயிருந்து பார்த்தால், உலகின் பெரும்பாலான சுற்றுக்கொடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கொடிகளின் இந்தச் சுழற்சியைப் பொறுமையாகக் கவனித்து 1865-ல் நீண்ட கட்டுரை எழுதியவர், பரிணாமம் புகழ் சார்லஸ் டார்வின். ஜாக் ஏறும்போது தலை சுற்றியதா என்று பிள்ளைகளைக் கேட்டு, ஒரு குச்சியில் நூலைச் சுற்ற விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

'ஜாக் விளையாட்டு' என்று ராஜ்மா பயறை எடுத்து வைக்காதீர்கள். வேகாத ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுப் பொருள் இருக்கிறது. பச்சைப்பயறு, தட்டைப்பயறு நல்லது. எந்தப் பயறானாலும் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கொடுக்கவே வேண்டாம். மற்றவர்களுக்கும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிண்ட்ரெல்லா பருப்புப் பொறுக்கினாள்

கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதையில் தேவதையும் இல்லை, பூசணி வண்டியும் இல்லை. விருந்துக்குப் போக வேண்டுமானால், சாம்பலில் கொட்டிய ஒரு கிண்ணம் பருப்பை இரண்டு மணி நேரத்தில் பொறுக்க வேண்டும் என்கிறாள் சித்தி. புறாக்கள் வந்து உதவுகின்றன. அடுத்து சித்தி கேட்பது இரண்டு கிண்ணம், ஒரே மணி நேரத்தில்! வேலை இரட்டிப்பு, நேரம் பாதி. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். துவரம்பருப்பையும் கறுப்பு உளுந்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும் இந்தப் பிடிதான் நாளை பென்சில் பிடிக்கப் போகிறது.

ரொட்டித் துணுக்கு ஏன் ஏமாற்றியது?

காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை ஹான்சலும் கிரெட்டலும் முதல் முறை வழியில் போட்டது கூழாங்கல். நிலா வெளிச்சத்தில் அது பளபளத்து வீட்டுக்குக் கூட்டி வந்தது. இரண்டாம் முறை போட்டது ரொட்டித் துணுக்கு, பறவைகள் தின்றுவிட்டன. சாயங்காலம் பள்ளி முற்றத்தில் ஒரு வரிசை கூழாங்கல், ஒரு வரிசை பொரி, ஒரு வரிசை காய்ந்த இலை போட்டு வையுங்கள். காலையில் எது மிச்சம்? பொரியை யார் கொண்டு போனது? எறும்புச் சாரையைத் தொடர்ந்து போகும் பிள்ளைகள் அன்று வகுப்புக்குத் திரும்ப மனம் வராமல் நிற்பார்கள். விடுங்கள், அதுவும் வகுப்புதான்.

காப்பாற்ற யாரும் வரவில்லை

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697-ல் பிரான்சில் சார்ல் பெரோ வெளியிட்டபோது ஓநாய் அவளைத் தின்றதோடு கதை முடிந்தது. 1812-ல் வந்த கிரிம் பதிப்பில்தான் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்கிறார். வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள்.

கண், காது, கை, வாய் என்று பாட்டி வேடமிட்ட ஓநாயை ஒவ்வொன்றாகச் சிறுமி கேட்கும் இடம் ஐம்புலப் பாடத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஒரு பிள்ளையைப் போர்வைக்குள் ஒளித்து, குரலை மட்டும் கேட்டு யாரென்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். கூடையில் எலுமிச்சை, கறிவேப்பிலை, சோப்பு வைத்துத் துணியால் மூடி, முகர்ந்து சொல்லச் சொல்லலாம்.

நாற்பது மெத்தைக்கு அடியில் ஒரு பட்டாணி

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் இளவரசி 20 மெத்தைக்கும் அதன்மேல் 20 இறகு மெத்தைக்கும் அடியில் இருந்த ஒற்றைப் பட்டாணியால் தூக்கம் கெட்டாள். கதை வெளியானது 1835-ல். ஒரு கொண்டைக்கடலையைத் தரையில் வைத்து, மேலே துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் போட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனையாவது துண்டில் கடலை 'காணாமல்' போகிறது? அடுத்து ஒரு நெல்லிக்காயை வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை மாறும், ஏன் என்ற கேள்வி தானாக வரும்.

கத்தரிக்கோலோடு கதை சொன்னவர்

ஆண்டர்சன் கதை சொல்லும்போது காகிதத்தை மடித்துக் கத்தரித்துக்கொண்டே இருப்பாராம். கதை முடியும்போது காகிதத்தை விரித்தால் நடனப் பெண்களும் அன்னங்களும் கோட்டைகளும்! அவர் கத்தரித்தவற்றில் பல நூறு இன்றும் டென்மார்க்கில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் பிறந்த ஏப்ரல் 2-தான் உலகக் குழந்தைகள் புத்தக நாள்.

ஐந்து கால்கள் இழுத்த டர்னிப்

தாத்தா நட்ட டர்னிப் பெரிதாகிவிட்டது. தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை என்று ஒருவர் பின் ஒருவர் பிடித்து இழுத்தும் வரவில்லை. சுண்டெலி வந்து கைகொடுத்ததும் வந்துவிட்டது. ரஷ்யாவின் இந்தப் புகழ்பெற்ற கதை, அஃபனாசியேவ் என்பவரின் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் வேறு மாதிரி இருக்கிறது: பூனை, எலிக்குப் பதில் வருபவை கால்கள்! ஒரு கால், இரண்டாவது கால் என்று ஐந்து கால்கள் வந்து இழுக்கின்றன. யாருடைய கால்கள் என்று கதை சொல்லவில்லை. பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்வார்கள். ஒரு மணல் மூட்டையில் கயிறு கட்டி, ஆள் சேர்த்துச் சேர்த்து இழுத்தால் விசை என்றால் என்ன என்பது தோளுக்குத் தெரிந்துவிடும்.

பிஸ்கட் பையன் ஏன் நீந்தவில்லை?

அடுப்பிலிருந்து குதித்து ஓடிய இஞ்சி ரொட்டிப் பையன் அமெரிக்காவின் 'செயின்ட் நிக்கலஸ்' சிறுவர் இதழில் 1875 மே மாதம் அச்சில் ஓடத் தொடங்கினான். இன்று பலரும் சொல்லும் வடிவத்தில் அவன் ஆற்றங்கரையில் நின்றுவிட்டு, நரியின் முதுகில் ஏறி மாட்டிக்கொள்கிறான். நனைந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே மாதிரி பிஸ்கட்டுகளைத் தண்ணீர், வெதுவெதுப்பான பால், எண்ணெய் மூன்றிலும் போட்டுப் பாருங்கள். பிறகு அலுமினியத் தாளில் படகு செய்து அவனை அக்கரை சேர்க்கட்டும், நரிக்கு வேலையில்லை.

காகம் ஜெயித்த பரீட்சை

பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் ஈசாப் கதை நமக்குப் பாடப்புத்தகப் பழக்கம். 2009-ல் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்ற இரு விஞ்ஞானிகள் காகக் குடும்பப் பறவையான ரூக்கை வைத்து இதைச் சோதித்தார்கள். குழாயில் மிதந்த புழுவை எட்ட அவை உண்மையிலேயே கல்லைப் போட்டன! 2012-ல் லூசி சீக், நிக்கோலா கிளேட்டன் குழு 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு இதே மாதிரிச் சோதனை வைத்தது. 5 முதல் 7 வயதினர் கற்றுக்கொண்ட வேகம் ஏறக்குறையப் பறவைகளின் வேகம்தான். 8 வயதுக்கு மேல் எடுத்த எடுப்பிலேயே விடை வந்தது. ஆகவே எல்.கே.ஜி. பிள்ளை கல்லைப் போடாமல் விரலை விட்டுத் துழாவினால் கவலை வேண்டாம். டம்ளர், தண்ணீர், கூழாங்கல் மூன்றையும் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

மாயக் கதை வேண்டாம் என்ற மாண்டிசோரி

கையால் செய்து கற்பதற்கு உலகப் புகழ் தேடித் தந்த மரியா மாண்டிசோரிக்கு மாயக் கதைகள் பிடிக்காது. நிஜம் எது, கற்பனை எது என்று பிரிக்கத் தெரியாத வயதில் பெரியவர்களின் கற்பனையைத் திணிக்கக் கூடாது என்பது அவர் கருத்து. 1939-ல் சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த அவர், உலகப்போர் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். ஊர் திரும்பியது 1946-ல். மூன்று கரடி விளையாட்டில் அவருடைய பாணியும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை: 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்களை அளவு வரிசையில் அடுக்கும் அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரம் சொல்வதும் அதே பாடத்தைத்தான்.

ஒரே கதை, பல நாள்

மாண்டிசோரிக்கு நேரெதிர் துருவம் ருடால்ஃப் ஸ்டைனர். ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1919-ல் தொடங்கியது அவருடைய முதல் வால்டார்ஃப் பள்ளி. அந்த வழியில் வந்த மழலையர் வகுப்புகளில் கிரிம் கதைகளுக்குத் தனி இடம். ஒரே கதையை நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். துணிப் பொம்மைகளுக்குக் கண், மூக்கு பெயரளவுக்குத்தான். சிரிப்பதா அழுவதா என்பதைப் பிள்ளையே கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

"இன்னொரு தடவை!" என்பதில் நியாயம் உண்டு

2011-ல் ஜெசிகா ஹார்ஸ்ட் குழு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தது. சிலருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப. சிலருக்கு வெவ்வேறு கதைகள். எல்லாவற்றிலும் அதே புதுச் சொற்கள், அதே எண்ணிக்கையில். புதுச் சொற்களை நன்றாகக் கற்றவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள்! கேட்ட கதையையே கேட்கிறான் என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

நடித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்தது

1982-ல் அந்தோணி பெல்லக்ரினி, லீ கால்டா இருவரும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினார்கள். பிறகு ஒரு குழு கதையை நடித்தது. ஒரு குழு ஆசிரியரோடு பேசியது. ஒரு குழு படம் வரைந்தது. கதை புரிந்த அளவில் முந்தியது நடித்த குழு; மிகச் சிறியவர்களிடம் இது நன்றாகவே தெரிந்தது. கேள்வி பதிலுக்கு முன்னால் ஒரு முறை ஆடவிடலாமே!

சிறுவர் கதைக்குள் ஹெலிகாப்டர்

இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரோடாரி 1973-ல் எழுதிய 'கற்பனையின் இலக்கணம்' நூலில் ஒரு விளையாட்டு சொல்கிறார். சிறுமி, காடு, பூ, ஓநாய், பாட்டி என்று ஐந்து சொல் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கதை தெரிந்ததுதான். ஆறாவதாக 'ஹெலிகாப்டர்' என்று சேர்த்துவிடுங்கள். இனி கதையை அவர்களே உண்டாக்க வேண்டும். இரண்டு மூன்று கதைகளின் ஆள்களைக் கலக்கும் 'கதைச் சாலட்' என்பதும் அவர் யோசனையே. ரெட்ஜோ எமிலியா நகர ஆசிரியர்களோடு அவர் 1972-ல் நடத்திய சந்திப்புகளின் விளைச்சல் இந்த நூல்.

பிள்ளை சொல்ல, டீச்சர் எழுத

சிகாகோவில் மழலையர் ஆசிரியராக இருந்தவர் விவியன் பேலி. பிள்ளை சொல்லும் கதையை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும். அவ்வளவுதான் முறை. 1989-ல் அவருக்குப் புகழ்பெற்ற மெக்கார்தர் நல்கை கிடைத்தது.

பினோக்கியோ பொய்யைத் தடுக்கவில்லை

பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையைக் கேட்டால் பிள்ளைகள் உண்மை பேசுவார்களா? டொராண்டோவின் காங் லீ குழு 2014-ல் 3 முதல் 7 வயதினரிடம் சோதித்தது. "எட்டிப் பார்க்காதே" என்று ஒரு பொம்மையை வைத்துவிட்டு வெளியே போனார்கள், பிறகு கதை சொல்லி, "பார்த்தாயா?" என்று கேட்டார்கள். பினோக்கியோவும், 'ஓநாய் வருது' என்று கத்திய சிறுவனின் கதையும் பலன் தரவில்லை. உண்மை சொன்னதற்காகப் பாராட்டுப் பெறும் ஜார்ஜ் வாஷிங்டன் கதை மட்டும் வேலை செய்தது. தண்டனை காட்டும் முடிவுகளை நம்பிப் பயனில்லை போலும்.

கரடி பகிர்ந்தால் பிள்ளை பகிருமா?

அதே நகரில் 2018-ல் இன்னொரு சோதனை. பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய கதை ஒன்று. சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடு, சிலருக்கு உடை போட்ட விலங்குகளோடு. மனிதர் கதையைக் கேட்டவர்கள் அதிக ஸ்டிக்கர்களைப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. கரடியும் பன்றியும் நீதி போதிக்க அவ்வளவு உதவாது. எண்ணவும் கட்டவும் அளக்கவும் அருமையான கூட்டாளிகள்.

ராபன்ஸல் வேடம், சலியாத வேலை

2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 4 வயதினருக்கும் 6 வயதினருக்கும் சலிப்பூட்டும் வேலை ஒன்று கொடுத்தார்கள். வேடம் போட்டுக்கொள்ளக் கதை, கார்ட்டூன் பாத்திரங்கள்: பேட்மேன், ராபன்ஸல், டோரா, பாப் தி பில்டர். வேடம் போட்டு, அந்தப் பாத்திரமாகவே தன்னை நினைத்துக்கொண்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள்.

கிரிம் கதைகள் குழந்தைகளுக்கு எழுதியவை அல்ல

1812 டிசம்பரில் முதல் பாகம் வந்தபோது அது ஆய்வுக் குறிப்புகளோடு கூடிய புத்தகம். குழந்தைகளுக்கென்று 50 கதைகளைத் தேர்ந்து, படங்களோடு வெளியிட்டது 1825-ல்தான். 1857-க்குள் பெரிய தொகுப்பு ஏழு பதிப்புகள் கண்டது. ஒவ்வொன்றிலும் சகோதரர்கள் கதையைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். முதல் பதிப்பில் ஹான்சலைக் காட்டில் விட்டது பெற்ற தாய். பிறகு அவள் சித்தியானாள். அவர்களே மாற்றிய கதையை உங்கள் வகுப்பின் வயதுக்கேற்ப நீங்களும் மாற்றிச் சொல்லலாம்.

நாளைக்கே தொடங்க

ஒரு கதைக்கு ஒரு பழைய ஷூ டப்பா போதும். உள்ளே அந்தக் கதையின் பொருள்கள்: மூன்று கரண்டி, கொஞ்சம் வைக்கோல், கயிறு, பயறு, துணிப் பொம்மை. கதையைச் சிக்கல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். டப்பாவைத் திறந்து, "இப்போ என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், தப்பாகக் கட்டினால் விழட்டும். எல்லோரும் முயன்ற பிறகு மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கலாம். அடுத்த நாளும் அதே கதை, அதே டப்பா. ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி வையுங்கள். ஓநாய் வேடத்துக்கு மட்டும் சண்டை வரும். முதல் நாளே முறை போட்டுக்கொள்ளுங்கள்!